முன்னாடி சீட்டு

பம்பாய் ஏர்போர்ட்டுல அன்னைக்கு நான் போட்ட சத்தத்துக்கு அந்த கவுண்டர் பொண்ணு போலீஸக் கூப்பிடாம விட்டதே பெரிய விசயம். எங்க டிக்கெட்ட வாங்கிப் பாத்துச்சு, கம்ப்யூட்டர்ல தட்டுச்சு, யாருக்கோ போன் போட்டுச்சு, அப்புறம் சிரிச்சிக்கிட்டே உங்க சீட்டு இல்லைன்னு என்னமோ சொல்லுச்சு. அம்புட்டுத்தான் என் காதுல விழுந்துச்சு. வீல்சேர்ல என் பொண்டாட்டி உக்காந்திருக்கா, காலு ரெண்டும் வீங்கிப் போய்க் கெடக்கு. இவளுக்குச் சீட்டு இல்லைன்னா எனக்கு எப்பிடி இருக்கும்? வந்துச்சு பாருங்க கோவம்.

எனக்குத் தெரிஞ்ச இந்தி பூராவும் நாசிக் வெங்காய யாவாரிககிட்டப் பழகுன இந்தி. மதுரை பரவை மார்க்கெட்டுல காய்கறி கமிஷன் கடை வச்சிருக்கேன். லோடு அழுகிப் போய் வந்தா போன்ல ஏசுறதுக்கு எம்புட்டு இந்தி வேணுமோ அம்புட்டு இந்தி வரும். அதைப் பூராவும் எடுத்து விட்டேன். சீட்டுக்கு இந்தியில என்ன சொல்றதுன்னு தெரியல, சரக்குக்குச் சொல்ற வார்த்தைதான் வாயில வந்துச்சு. என் மால் எங்க, என் மால் எங்கன்னு கத்திக்கிட்டிருக்கேன்.

பொண்டாட்டி என் சட்டை நுனியப் பிடிச்சு இழுத்தா.

"இங்கேருங்க. அந்தப் புள்ள சிரிச்சிக்கிட்டுத்தான நிக்கிது? கெட்ட சேதின்னா சிரிக்குமா? என்னன்னு கேட்டுட்டு அப்புறம் கத்துங்க."

வரிசையில எங்களுக்குப் பின்னாடி நின்ன நம்ம ஊர்க்காரர் ஒருத்தர்தான் அந்தப் பொண்ணுகிட்ட இங்கிலீஷ்ல கேட்டுச் சொன்னாரு. "அண்ணே, ஆளு கூடிப் போச்சாம், பின்னாடி எடம் இல்லையாம். அதனால உங்க ரெண்டு பேரையும் முன்னாடி உக்கார வைக்கிறாக. ஃபர்ஸ்ட் கிளாஸ் மாதிரி. உங்களுக்கு யோகம்ணே!"

"அதுக்குன்னு தனியா ஏதும் கேப்பாகளா?"

"ஒண்ணும் கேக்க மாட்டாகண்ணே. போய் சொகமா உக்காருங்க."

யோகம்னு அந்த மனுசன் சொன்னாரு பாருங்க, அவரையே பிடிச்சு ஏசிரலாம்போல இருந்துச்சு. அவரு மேல தப்பில்ல. அவருக்கு என்ன தெரியும்?

முந்தின நாள்தான், வைத்தியத்துக்குன்னு தேடி வந்த பம்பாய் ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரு என்னைய மட்டும் உள்ள கூப்பிட்டாரு. பக்கத்துல தமிழ் தெரிஞ்ச சின்ன டாக்டரம்மா. கணையத்துல இருந்த கட்டி ஈரலுக்கும் பரவிருச்சு, இனிமே கத்தி வைக்க வழியில்ல, ஊருக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாக. எம்புட்டு நாளுன்னு கேட்டேன். சில மாசம்னாக. எந்திரிச்சு வாசலுக்கு வந்தேன். அந்தச் சின்ன டாக்டரம்மா பின்னாடியே வந்து, "அவங்களுக்கு சுகர் இருக்குன்னு அதைத் திங்காத இதைத் திங்காதன்னு இனிமே கட்டுப்படுத்தாதீங்க சார். கேட்டதைக் குடுங்க"ன்னு மெதுவாச் சொல்லுச்சு.

கேட்டதைக் குடுங்க. நம்ம பக்கத்துல இந்தப் பேச்சுக்கு அர்த்தம் தெரியாத ஆளு உண்டா? எந்த டாக்டர் வாயில இருந்து இது வந்தாலும் சொந்தபந்தமெல்லாம் கண்ணத் தொடச்சுக்கிட்டு பந்தலுக்குச் சொல்லலாமான்னு யோசிக்க ஆரம்பிச்சிருவாக. எங்க மதினி, அதாவது என் பொண்டாட்டிக்கு மூத்தவ, அவளுக்கும் இப்பிடித்தான் ஆச்சு. கறிச்சோறு வேணுமா, அல்வா வேணுமான்னு ஆளாளுக்கு வந்து கேட்ட அன்னைக்கே அதுக்கு வெளங்கிப் போச்சு. செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துச்சு. அதுக்கப்புறம் கஞ்சித் தண்ணிகூட எறங்கல. அதை ஒக்காந்து பாத்தவ என் பொண்டாட்டி.

அதனால அவகிட்ட நான் சொல்லல. மாத்திரையிலேயே கட்டி கரைஞ்சிரும், ஆபரேஷனே வேணாம்னுட்டாகன்னு சொன்னேன். ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னே அழகர்கோவில் இருக்கிற தெக்குத் திக்கப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டா. அழகருக்கு முடி எறக்குறேன்னு நேந்துக்கிட்டா.

அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருந்துச்சு. எங்களுக்கு ஒரே மக. கல்யாணமாகி ரெண்டு தடவ உண்டாகி ரெண்டும் தங்கல. இது மூணாவது. அஞ்சாம் மாசம். எங்க வீட்டுலதான் படுக்கையில இருக்கா. என் தங்கச்சி கூட இருந்து பாத்துக்கிருது. நடக்கக்கூடாது, கவலைப்படக்கூடாது, அதிர்ச்சியான சேதி எதையும் காதுல போட்றாதீங்கன்னு அவளப் பாக்குற டாக்டரம்மா கண்டிச்சுச் சொல்லியிருந்துச்சு. அம்மான்னா உசுரு அவளுக்கு. அம்மா சாகப் போறான்னு தெரிஞ்சா அந்த வயித்துப் புள்ள நிக்குமா? அதனால அவளுக்கும் தெரியக்கூடாது. என் தங்கச்சிக்குத் தெரிஞ்சா மார்க்கெட்டுக்கே தெரிஞ்ச மாதிரி, ஓட்டவாய். எல்லாத்தையும் நான் ஒருத்தனே வயித்துக்குள்ள வச்சுக்கிட்டுத்தான் அந்த ஏர்போர்ட்டுல நின்னேன்.

வீல்சேர் தள்ளுற ஆளு எல்லாருக்கும் முன்னாடி எங்களக் கொண்டு போய் ஃப்ளைட்டுக்குள்ள விட்டாரு. பிசினஸ் கிளாஸ்னோ என்னமோ அதுக்குப் பேரு. எங்களுக்கு அது ஃபர்ஸ்ட் கிளாஸ்தான். ஒவ்வொரு சீட்டும் எங்க வீட்டு சோபா அகலத்துக்கு இருக்கு. பொண்டாட்டி உக்காராம நின்னு பாக்குறா.

"இது ஒராளுக்கா, ரெண்டாளுக்கா?"

"ஒராளுக்குத்தான். உக்காரு புள்ள."

"அடி ஆத்தி! வரும்போது மொழங்காலு இடிக்க இடிக்க வந்தோமே. இது இங்க சும்மாவா கெடந்துச்சு?"

ஜன்னலோரம் உக்கார வச்சேன். ஒரு பொண்ணு வந்து சுடச்சுட ஈரத்துண்டு குடுத்துச்சு. அதை வாங்கி மொகத்தத் தொடச்சா, கழுத்தத் தொடச்சா, ஊசி குத்திக் குத்திக் கருத்துப் போயிருந்த கையத் தொடச்சா. அப்பிடியே என் பக்கம் திரும்பி என் மூஞ்சியவும் அழுத்தித் தொடச்சு விட்டா. "எம்புட்டு அழுக்கு பாருங்க. இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத்தான் அம்புட்டு சண்டை போட்டீகளாக்கும்." அந்தத் துண்டுல வந்த வாசம் இன்னும் எனக்குத் தெரியும். எலுமிச்சம்பழ வாசம்.

அதுக்கப்புறம்தான் மத்த ஆளுகள உள்ள விட்டாக. பின்னாடி சீட்டுக்குப் போறவுக எல்லாரும் எங்களத் தாண்டித்தான் போகணும். பையும் புள்ளயுமா வரிசையா வாராக, எங்களப் பாக்குறாக, போறாக. இவ சேலைய இழுத்து மூடிக்கிட்டு என் காதுல சொல்றா.

"கேத வீட்டுக்கு வந்தவுக மாதிரியில்ல வரிசையா வந்து மொகத்தப் பாத்துட்டுப் போறாக."

சொல்லிட்டு அவ சிரிச்சா. "வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு"ன்னு அதட்டினேன். எப்பவும் அப்பிடித்தான் அதட்டுவேன்கிறதால அவளுக்கு வித்தியாசம் தெரியல.

ஃப்ளைட்டு மேல ஏறினதும் அந்தப் பொண்ணு திரும்ப வந்து சீட்டோரத்துல ஒரு பட்டனக் காட்டுச்சு. இவ அழுத்தினா. காலுக்குக் கீழ பலகை மாதிரி ஒண்ணு எந்திரிச்சு வருது, முதுகு பின்னால சாயுது. "யாத்தே, யாத்தே, என்னைய எங்க கொண்டு போகுது"ன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் அது நின்னதும் காலு ரெண்டையும் பாத்துக்கிட்டே கெடந்தா. மாசக்கணக்கா அந்தக் காலத் தொங்கவிட்டா கனம், மடக்கினா வலி. தலகாணி வச்சு, செங்கல்லு வச்சு, என் மடியில வச்சுப் பாத்தாச்சு. எதுக்கும் கேக்காத வலி.

"கனமே தெரியலங்க"ன்னா. "நெசமாத்தான் சொல்றேன். காலு இருக்கிறதே தெரியல."

அப்ப அவ மொகத்தப் பாக்கணுமே. வாக்கப்பட்டு வந்த புதுசுல பாத்த மொகம். நான் என் சீட்டையும் சாய்ச்சேன். ரெண்டு பேரும் அடுத்தடுத்து மல்லாந்து கெடந்துக்கிட்டு, பட்டன மாத்தி மாத்தி அழுத்தி, முன்னால போய், பின்னால போய், சின்னப் புள்ளைக ராட்டினத்துல ஏறின மாதிரி கெடந்தோம். அந்தப் பக்கத்து சீட்டுல கோட்டு போட்ட ஆளு ஒருத்தர் எங்களத் திரும்பித் திரும்பிப் பாத்தாரு. பாத்துட்டுப் போறாரு போங்க.

அந்தப் பொண்ணு எதுவானாலும் இவ பக்கத்துல மண்டி போட்டு, கண்ணுக்கு நேரா மொகத்த வச்சுத்தான் பேசுச்சு. அதுக்குத் தமிழ் தெரியாது, இவளுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனாலும் பேசிக்கிட்டாக. ஏத்தா நீ எந்த ஊரு, கல்யாணம் ஆச்சான்னு இவ கேக்க, அது போர்வையக் கொண்டாந்து போத்துச்சு. "வந்த நாள்ல இருந்து உங்க வீட்டு ஆளுக எல்லாத்துக்கும் முன்னாடி நான்தான் குனிஞ்சு நின்னேன். இன்னைக்குத்தான் எனக்கு முன்னாடி ஒருத்தி குனியுறா"ன்னா என்கிட்ட. குத்திக்காட்டுறாளா சந்தோசத்துல சொல்றாளான்னு தெரியல. ரெண்டுமாத்தான் இருக்கும்.

அப்புறம் திட்டம் போட ஆரம்பிச்சிட்டா. வளைகாப்பு எந்த வாரம் வைக்கலாம், புள்ளைக்கு யாரு பேர விடலாம், அழகர்கோவில்ல முடி எறக்கிட்டு மொட்டைத் தலையோட வந்து புள்ளையத் தூக்குனா அது பயந்து அழுகுமோ. நான் அதுக்கு, "உன்னைய முடியோட பாத்தாலே அழுகத்தான் செய்யும்"னேன். தோள்ல ஒரு குத்து விட்டா. பொய் சொல்றதுக்கு இதுல என்ன இருக்கு? அந்த நேரம் நான் சந்தோசமாத்தான் இருந்தேன். முந்தின நாள் டாக்டரு சொன்னது எனக்கு மறந்தே போச்சு. கீழ மேகம் வெள்ளையாக் கெடக்கு, பக்கத்துல இவ சிரிச்சுக்கிட்டுக் கெடக்கா, ஒரு வலியும் இல்ல. இந்த ஃப்ளைட்டு இப்பிடியே எங்கயும் எறங்காமப் போய்க்கிட்டே இருந்தா நல்லாயிருக்குமேன்னு நெனைச்சேன்.

சாப்பாடு வந்துச்சு. வெள்ளைத் துணி விரிச்சு, பீங்கான் தட்டுல. சோறு, பருப்பு, பன்னீர், அது இதுன்னு. ஓரத்துல ஒரு சின்னக் கிண்ணத்துல ஜீராவுல ஊறுன குலாப் ஜாமூன் ரெண்டு.

எங்க வீட்டுக் கூத்தை இங்க சொன்னாத்தான் வெளங்கும். இவளுக்கு சுகர்னு தெரிஞ்ச நாள்ல இருந்து, எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் எந்தக் காதுகுத்துக்குப் போனாலும் நான் பந்தியில இவ பக்கத்துலதான் உக்காருவேன். இலையில இனிப்பு விழுந்ததும் இவ கை போறதுக்கு முந்தி என் கை போயிரும். எடுத்து என் வாயில போட்டுக்கிருவேன். இவ என்னைய ஏசுவா, கிள்ளுவா, நான் அந்தப் பக்கம் திரும்பின நேரமாப் பாத்து லட்டை முந்தானைக்குள்ள மறைப்பா. அதையும் கண்டுபிடிச்சுப் புடுங்குவேன். சொந்தத்துல எல்லாருக்கும் தெரியும். பரிமாறுற பயலுக, "அண்ணே, அக்காவுக்கு வைக்கவா, உங்க இலையிலயே ரெண்டா வச்சிரவா"ன்னு கேலி பேசுவாங்க. ஒரு தடவகூட விட்டதில்ல. புடுங்குறதுல நான் அம்புட்டுக் கண்டிப்பு.

அன்னைக்கும் இவ அந்தக் கிண்ணத்தப் பாத்தா. என்னைய ஓரக்கண்ணால பாத்தா. கரண்டிய எடுத்து ஒரு ஜாமூன மெதுவா, நான் புடுங்குறதுக்கு நேரம் குடுத்து, வேணும்னே மெதுவா எடுத்து வாய்க்குக் கிட்டக் கொண்டு போனா. மூஞ்சி பூராவும் குசும்பு.

நான் அப்பிடியே சாஞ்சு கெடந்தவன், "சாப்பிடு புள்ள"ன்னேன். அதோட விட்டேனா? என் கிண்ணத்தையும் அவ பக்கம் தள்ளி வச்சு, "இதையும் எடுத்துக்க"ன்னேன்.

கரண்டி வாய்க்குக் கிட்ட நின்னு போச்சு.

என்ன செஞ்சேன்னு எனக்கு அப்பத்தான் ஒறைச்சது. படக்குன்னு எந்திரிச்சு, "ஏய், வேணாம் வேணாம், சுகர் ஏறிரும், வை கீழ"ன்னு கிண்ணத்துக்குக் கையக் கொண்டு போனேன். என் மணிக்கட்ட அவ பிடிச்சுக்கிட்டா. கையில சத்தே இல்ல, ஆனா அந்தப் பிடிய என்னால விலக்க முடியல.

"டாக்டரு கேட்டதக் குடுங்கன்னுட்டாரா?"

மார்க்கெட்டுல ஆயிரம் பேருகிட்ட வாய் கிழியப் பேசுறவன், என் பொண்டாட்டிகிட்ட ஒரு பொய் சொல்ல முடியாம உக்காந்திருக்கேன். இல்லைன்னு தலையாட்டினேன். கண்ணுல தண்ணி கொட்டுது. அப்புறம் எங்கிட்டுத் தலையாட்டி என்ன பிரயோசனம்?

"எம்புட்டு நாளாம்?"

"சில மாசம்னாக."

கையத் தளர்த்தி விட்டா. கரண்டிய வாயில வச்சா. ஜாமூன நிதானமா மென்னு தின்னா. ரெண்டாவதையும் தின்னா. என் கிண்ணத்துல இருந்ததையும் எடுத்துத் தின்னுட்டு, கிண்ணத்துல இருந்த ஜீராவ ஒரு வாய் குடிச்சா. "நல்லாத்தான் இருக்கு"ன்னா.

நான் வாயப் பொத்திக்கிட்டு அழுகுறேன். அந்தப் பொண்ணு பதறிப் போய் ஓடியாந்துச்சு, சாப்பாட்டுல ஏதும் கொறையான்னு நெனைச்சிருக்கும். இவதான் அதுகிட்டத் தமிழ்ல, "ஒண்ணுமில்லத்தா, மாமாவுக்கு மொளகா கடிச்சிருச்சு, தண்ணி குடு"ன்னு சொல்லி, கையால தண்ணி குடிக்கிற மாதிரி காட்டினா.

அப்புறம் ரொம்ப நேரம் ஜன்னலப் பாத்துக்கிட்டே இருந்தா. செவத்துப் பக்கம் திரும்பிப் படுத்த மதினி எனக்கு ஞாபகத்துக்கு வந்துருச்சு. இவளும் இப்பிடியே திரும்பாமப் போயிருவாளோன்னு பயந்து முழங்கையத் தொட்டேன். திரும்பிட்டா. அழுகையெல்லாம் இல்ல, நோட்டம் விடுற மாதிரி பாத்தா.

"மகளுக்குத் தெரியுமா?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது."

"பிரசவம் வரைக்கும் தெரியக்கூடாது. புள்ள வெளிய வந்து அழுகுற வரைக்கும் அவளுக்கு எதுவும் தெரியக்கூடாது."

"சொல்ல மாட்டேன் புள்ள."

"நீங்க வாயால சொல்ல மாட்டீக. இந்தா, என்கிட்ட மட்டும் வாயாலயா சொன்னீக?" கிண்ணத்தக் காட்டினா. "ஒத்த இனிப்புல நான் கண்டுபிடிச்சிட்டேன். என் வயித்துல பொறந்தவ கண்டுபிடிக்க மாட்டாளா? நீங்க எப்பவும்போல இருக்கணும். அவ முன்னாடி நான் எதை எடுத்தாலும் புடுங்கணும். ஏசணும். கடைசி வரைக்கும் விடக்கூடாது."

"என்னால முடியாதுடி."

"முடியும். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதான்."

சென்னையில எறங்கி மதுரைக்குச் சின்ன ஃப்ளைட்டு. பழையபடி முழங்காலு இடிக்கிற சீட்டு. காலு வலி திரும்ப வந்துருச்சு அவளுக்கு, பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தா. பக்கத்து சீட்டு அம்மா ஒண்ணு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தப் பிரிச்சு எங்களுக்கு நீட்டுச்சு. இவ ஒண்ணு எடுத்துக்கிட்டு என்னையப் பாத்தா. எனக்கு வெளங்கிருச்சு. "சுகர் ஏறவா? குடு இப்பிடி"ன்னு புடுங்கினேன்.

"சத்தம் பத்தல. இன்னும் கோவமா"ன்னா காதுக்குள்ள. திரும்ப எடுத்தா. திரும்பப் புடுங்கினேன். பக்கத்து சீட்டம்மா என்னைய மொறைச்சுப் பாத்துச்சு. "இப்பச் சரி"ன்னா.

இப்பிடித்தான் நாங்க ஊருக்கு வந்து சேந்தோம்.

மக முன்னாடிதான் இந்த நடிப்பு, தனியா இருக்கும்போது குடுத்துரலாம்னு நான் நெனைச்சிருந்தேன். வந்த வாரமே மாட்டுத்தாவணிக்குப் போயி அவளுக்குப் பிடிச்ச கடையில அல்வா வாங்கி, சட்டைப் பையில மறைச்சுக் கொண்டாந்து, கதவச் சாத்திட்டு ஊட்டி விட்டேன். ஒரு வாய் உள்ள போகல. குமட்டி வெளிய வந்துருச்சு. அதுக்கப்புறம் வேற வேற வாங்கிப் பாத்தேன், எதுவும் எறங்கல. இனிப்பு வாசம் பட்டாலே மொகத்தத் திருப்பிக்கிட்டா. ஃப்ளைட்டுல தின்னதுதான் அவ கடைசியா ருசிச்சுத் தின்ன இனிப்பு. ஆளு நாளுக்கு நாள் சுருங்கினா. மாத்திரையோட வீரியம், அதான் மெலியுறான்னு மககிட்டச் சொன்னேன். பெரிய டாக்டர் சொல்லியிருக்காருன்னு அவளும் நம்பினா.

ஏழாம் மாசம் வீட்டளவுல வளைகாப்பு. இவள ரெண்டு சேலை சுத்தி, ஒல்லி தெரியாம, மக பக்கத்துல நாற்காலியில உக்கார வச்சோம். பொம்பளைக வந்து வளையல் போட்டாக, சந்தனம் பூசினாக. கட்டிச்சோறு, சக்கரைப் பொங்கல், லட்டு எல்லாம் தட்டுத் தட்டா வச்சிருந்துச்சு. மக இவளையே பாத்துக்கிட்டு இருந்தா. அந்தப் பார்வை சரியில்ல. "என்னம்மா, ஒரு வாய்கூடச் சாப்பிடல நீ"ன்னு கேட்டா. குரலு ஒரு மாதிரியா இருந்துச்சு.

இவ உடனே குனிஞ்சு தட்டுல இருந்து ஒரு லட்டை எடுத்தா. வாயில வச்சா வாந்தி வரும்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும். எல்லாரும் பாக்க வாய்க்குக் கொண்டு போனா. ஒரே ஒரு நொடி என்னையப் பாத்தா.

ஓடிப் போய் அவ கையத் தட்டி விட்டேன். லட்டு ஒடஞ்சு தரையில சிதறிச்சு. "உனக்கு எத்தன தடவ சொல்றது? சீக்கு ஒடம்ப வச்சுக்கிட்டு நாக்கைக் கட்ட முடியாதா உன்னால"ன்னு கத்தினேன். மக பெருமூச்சு விட்டா, அப்புறம் சிரிச்சா. "அப்பா திருந்தவே மாட்டாரும்மா"ன்னா. அந்தச் சிரிப்புக்காகத்தான் இம்புட்டும். என் தங்கச்சிதான் லட்டைக் கூட்டி அள்ளிக்கிட்டே, "நல்ல நாளும் பொழுதுமா, ஒரு வாய் தின்னுட்டுப் போகட்டுமே. என்ன கல்நெஞ்சு இது"ன்னு எனக்குக் கேக்கிற மாதிரியே சொல்லுச்சு. என் பொண்டாட்டி தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தா. அவ முதுகத் தடவிக் குடுக்கணும்போல இருந்துச்சு. கொல்லைப்பக்கம் போய் நின்னுக்கிட்டேன்.

புள்ள நல்லபடியாப் பொறந்துச்சு. பொம்பளப் புள்ள. அதை இவ மடியில வச்சு, கீழ நாங்க கை குடுத்துப் பிடிச்சுக்கிட்டோம். இவ கையில அதைத் தாங்குற பலம் இல்ல. அன்னைக்கு ராத்திரியே சொல்லிட்டா, "பின்னாடி எல்லாம் வெளிய வரும். உங்களத்தான் ஏசுவா. வாங்கிக்கங்க. எனக்கும் தெரியும்னு மட்டும் சொல்லிறாதீங்க. நமக்காகத்தான் அம்மா எல்லாம் தெரிஞ்சும் வெளிய காட்டாமக் கெடந்தான்னு, அந்தப் புள்ளையத் தூக்கும்போதெல்லாம் நெனைச்சு வேகுவா. அவ உங்க மேல கோவமா இருக்கட்டும். அது ஆறிரும்."

புள்ளைக்கு முப்பது கழிஞ்சு கொஞ்ச நாள்ல போயிட்டா. பம்பாய் ரிப்போர்ட்ட வச்சு இவளுக்குக் கடைசியா வைத்தியம் பாத்த எங்க ஊரு டாக்டரு கேதத்துக்கு வந்தவரு, ஆறுதலா நெனைச்சு, "பம்பாய்லயே அப்பாகிட்டச் சொல்லிட்டாங்கம்மா. கேட்டதையெல்லாம் குடுங்கன்னும் சொல்லிருப்பாங்க. இவ்வளவு நாள் இருந்ததே பெருசு"ன்னு மககிட்டச் சொல்லிட்டாரு. அவ அழுகைய நிறுத்திட்டு என்னையத் திரும்பிப் பாத்தா. "தெரிஞ்சும் அந்த லட்டைத் தட்டி விட்டீகளாப்பா?" அதுக்கப்புறம் எங்கூடப் பேசல. நானும் ஒண்ணும் சொல்லல. ஆறிரும்னு இவ சொன்னாளே, அதை நம்பிக்கிட்டு இருக்கேன். மக போனத் தவிர எதையும் வாசிக்க மாட்டா. அந்தத் தைரியத்துலதான், அதுவும் யாரு பேரும் போடாம, இதை எழுதுறேன்.

கருமாதி அன்னைக்குப் படையல் போட்டோம். செத்தவுகளுக்குப் பிடிச்சதெல்லாம் வைக்கணும்ல, மக தன் வீட்டுக்காரர அனுப்பி மதுரைக் கடை பூராவும் அலைஞ்சு வாங்கியாரச் சொல்லியிருந்தா. தலைவாழை இலை நெறைய லட்டு, ஜிலேபி, அதிரசம், அல்வா, பால்கோவா. இலையில எடமில்லாம இன்னொரு இலை விரிச்சா. சாம்பிராணி போட்டாச்சு. சொந்தமெல்லாம் நிக்கிது. கடைசியா நான் தண்ணி சுத்தி விடணும்னு செம்போட இலைக்குக் கிட்டப் போனேன். மக கைப்புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு எனக்குக் குறுக்க வந்து நின்னா. அத்தன நாளைக்கு அப்புறம் அன்னைக்குத்தான் எங்கிட்டப் பேசினா.

"இதையாச்சும் புடுங்காம இருங்கப்பா."

உங்கம்மாவுக்கும் எல்லாம் தெரியும்த்தா, அவதான் புடுங்கச் சொன்னான்னு சொல்லிரத்தான் வாயத் தொறந்தேன். தோள்ல அந்தப் புள்ள தூங்குது.

"இல்லத்தா, எடுக்க மாட்டேன்"னு சொன்னேன்.